உருண்டைக்கு வைத்த வெளிச்சம்

வட்டம் போட யாருக்கும் வரும். அதை உருண்டையாக்குவதில்தான் கை தெரியும். ஃப்ளெக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பதினோரு வருடமாக முதுகு தேய்ந்தவள் அவள். கடைத்தெருவில் அவளுக்கு டிசைன்காரி என்றுதான் பெயர். கல்யாணப் பெண்ணின் முகப்பருவை எடுப்பாள். செத்துப்போனவரின் பழைய போட்டோவில் கரையான் தின்ற காதை வரைந்து ஒட்டுவாள். அவளுக்கே இந்த ஒரு உருண்டை மூன்று நாளாகத் தண்ணி காட்டியது.

கேட்டது கைப்பிடிப் பட்டறை முதலாளி. மாடிப்படிக் கைப்பிடியும் வாசல் கேட்டும் செய்கிற பட்டறை. கைப்பிடியின் தலையில் உட்காரும் எவர்சில்வர் உருண்டைதான் அங்கே பேர் போனது. புதுசாக இருபதடி போர்டு வைக்கப் போகிறார். கருநீலப் பின்னணியில் ஒரே ஒரு உருண்டை, பஸ்ஸில் போகிறவன் திரும்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். முதலில் செல்போனில் படம் எடுத்துக் கொண்டுவந்தார். பளபளப்பான உருண்டையைப் படம் எடுத்தால் அது சும்மா விடுமா? முதலாளியின் தொப்பை, தூக்கிப் பிடித்த செல்போன், பின்னால் சட்டையில்லாமல் சிகரெட் குடிக்கிற வெல்டர் என்று பட்டறை மொத்தமும் அந்த உருண்டைக்குள் வளைந்து நெளிந்து உட்கார்ந்திருந்தது.

"போர்டுல உங்க தொப்பை தெரியட்டுமா முதலாளி, எடுத்திடட்டுமா?" என்று கேட்டாள்.

"அட, நீ வேற. கம்ப்யூட்டர்லயே ஒண்ணு செஞ்சிடும்மா. உனக்கு என்ன, பட்டனைத் தட்டினா உருண்டை விழப்போகுது."

பட்டனைத் தட்டினால் விழுவது வட்டம்தான். சாம்பல் நிறத்தில், தரையில் வைத்த சாப்பாட்டுத் தட்டு மாதிரித் தட்டையாக விழும். அதன் மேல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்ணாடித் தாள் அடுக்குகிற மாதிரி லேயர் போட வேண்டும். ஒரு லேயரில் ஓரத்து இருட்டு. ஒன்றில் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்ல மெல்ல மங்கிப்போகிற நிறம். கீழ்விளிம்பில், தரையில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் பிறை மாதிரி. அடியில் நிழல். எல்லாவற்றுக்கும் மேலே, இடப்பக்கம், வெள்ளையாக மினுக்கு. ஒவ்வொரு லேயருக்குப் பக்கத்திலும் சின்னதாக ஒரு கண் வரைந்திருக்கும். அந்தக் கண்ணை அழுத்தினால் அந்தத் தாள் மட்டும் மறையும். மறுபடி அழுத்தினால் வரும்.

முதல் நாள் முதலாளி பார்த்துவிட்டு, "என்னம்மா இது, அவிச்ச முட்டை மாதிரி இருக்கு?" என்றார். இரண்டாம் நாள், "தேவலாம். முட்டை போயி ரப்பர் பந்து ஆயிருக்கு. எனக்கு எவர்சில்வர் வேணும்" என்றார். மூன்றாம் நாள் அவருக்கே பொறுமை போய்விட்டது.

"உன்கிட்டயும் தப்பு இல்ல, என்கிட்டயும் தப்பு இல்ல. எனக்குச் சொல்லத் தெரியல. நாளைக்கு மத்தியானம் உன் வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வர்றேன். இருபத்திரண்டு வருசமா அவரு பார்த்துப் பாஸ் பண்ணாம ஒரு உருண்டை என் பட்டறை வாசலைத் தாண்டினதில்ல. இதையும் அவரே பார்க்கட்டும்."

"அவரு எவர்சில்வர்தான் பார்ப்பாரு. இதையெல்லாமா?"

"உருண்டை உருண்டைதானம்மா."

அவள் புருஷன் அந்தப் பட்டறையில் பாலீஷ்காரர். துணிச் சக்கரம் நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று சுற்றும். அதில் பாலீஷ் கட்டியைத் தேய்த்து, இரண்டு கையாலும் உருண்டையைப் பிடித்து, மார்பால் முட்டுக்கொடுத்து அழுத்த வேண்டும். கொஞ்சம் கோணினால் சக்கரம் பிடுங்கி எறிந்துவிடும். எதிர்ச் சுவரில் அப்படி எறிந்த பள்ளங்கள் நிறைய உண்டு. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது மூக்குத் துவாரம், காது மடல், கண் இமை எல்லாம் கரி. மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்து, சோப்புத்தூள் போட்டுக் கழுவினாலும் நகக்கண்ணில் கறுப்பு நிற்கும்.

அன்று சாயங்காலமும் மழை. தகரக் கூரையில் பேசுவது கேட்காத அளவுக்குச் சத்தம். அவர் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். சோறும் கீரையும் முட்டையும் வைத்தாள். அவர் சாப்பிடுவதற்கு முன்னால் விரலால் தட்டை ஒரு சுற்றுத் தடவினார். முட்டை எங்கே என்று கண்டுபிடித்த பிறகுதான் சோற்றில் கை வைத்தார். கொஞ்ச நாளாகவே இப்படித்தான். இந்த பல்பு அழுது வடியுது, மாத்தணும் என்பார். பல்பை மாற்றி ஒரு மாதம் ஆகிவிட்டது.

"நாளைக்கு என் கடைக்கு வர்றீங்களாம், உருண்டை பார்க்க."

"முதலாளி சொன்னாரு. சிரிப்பா வந்துச்சு. நான் ஒரு நாளைக்கு நாப்பது செய்யறேன். நீ மூணு நாளா ஒண்ணு செய்யறியே."

"நீங்க செஞ்சதுல வெளிச்சம் தானா வந்து உக்காருது. நான் கொண்டுவந்து வைக்கணும்ல."

அவர் மென்றுகொண்டே யோசித்தார். "வட்டமா வைக்காதே. வெளிச்சம் எங்கயிருந்து வருது? ஜன்னல்லயிருந்து. அப்ப ஜன்னல் மாதிரிதானே தெரியணும்? நாலு மூலை, நடுவுல சட்டம், எல்லாம் உருண்டையோட சேர்ந்து வளைஞ்சு போகும். அப்புறம் கறுப்பு. எல்லாரும் வெள்ளையப் பார்ப்பாங்க. வெள்ளைக்குப் பக்கத்துல கறுப்பு கறாரா நிக்கணும். அது குழைஞ்சு போச்சுன்னா பாலீஷ் பத்தலன்னு அர்த்தம்."

மூன்று நாளாகத் தேடியதை மூன்று வாய்ச் சோற்றுக்குள் சொல்லிவிட்டார். அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. தண்ணீர் எடுக்க அவர் நீட்டிய கை சொம்புக்கு ஒரு சாண் தள்ளிப்போய்த் தரையில் பட்டதும் அந்தப் பெருமை நின்றுவிட்டது.

"என்னங்க, கண்ணுல ஏதாவது…"

"என்ன கண்ணுல? பேசிட்டே சாப்பிட்டா அப்படித்தான். நீ சொம்பைத் தள்ளி வச்சிட்டு என்னைக் கேக்கறே."

சொம்பு தினமும் இருக்கிற இடத்தில்தான் இருந்தது.

மறுநாள் காலையில் தூறல் விடவில்லை. சிமெண்ட் கிடங்கைத் தாண்டும்போது, மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவன் "அண்ணி" என்றான். சுருட்டை. அவள் புருஷனுக்குப் பக்கத்துச் சக்கரத்தில் நின்றவன். மூன்று வாரத்துக்கு முன்னால் முதலாளி அவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். கீறல் விழுந்த உருண்டைகள் பத்துப் பன்னிரண்டு திரும்பி வந்ததாம். அந்தச் சுருட்டை முடி முழுக்க இப்போது சிமெண்ட் வெள்ளை.

"மழைல எதுக்குடா மூட்டை தூக்கறே? நனைஞ்சா கல்லாயிடும்ல."

"கல்லானா அவனுக்கு நஷ்டம், என் தலைக்கு ஒண்ணுதான்." சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "அண்ணி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு."

"நான் கீறல் விட்டேன்னே வச்சுக்குவோம். குடிச்சிட்டு வந்து பாலீஷ் போட்டேன்னு முதலாளி சொன்னாரு, அதையும் வச்சுக்குவோம். ஆனா அண்ணன் பார்க்காம ஒரு உருண்டை வெளிய போகுமா? அண்ணன் கையால பாஸ் பண்ணித்தானே பெட்டியில வச்சாரு? அப்ப அந்தக் கீறல் அண்ணன் கண்ணுல எப்படிப் படாம போச்சு?"

அவள் கண் நனைந்த மூட்டைகள் மேல் போனது.

"எத்தனை பேரு முன்னாடி முதலாளி என்னை அடிச்சாரு தெரியுமா? கன்னத்துல. அண்ணன் சக்கரத்தை நிறுத்தல, திரும்பவும் இல்ல. அண்ணன் ஒரு வார்த்தை பேசுவாருன்னு அவரையே பார்த்துட்டு நின்னேன். அவரு உருண்டையைத் திருப்பித் திருப்பித் தேய்ச்சிட்டிருந்தாரு." லாரிக்காரன் சத்தம் போட்டான். சுருட்டை முதுகைக் கொடுத்தான். "நீங்க போங்க அண்ணி. சும்மா கேட்டேன்."

கடைக்கு வந்து உட்கார்ந்தவளுக்குக் கை ஓடவில்லை. ஆனால் வேலை என்று ஒன்று இருக்கிறதே. முந்தின நாள் அவர் சொன்னபடியே மினுக்கை அழித்துவிட்டு ஜன்னல் வரைந்தாள். நாலு மூலை, நடுவில் சட்டம். அதை உருண்டையோடு வளைத்தாள். பக்கத்தில் கறுப்பைக் கறாராக நிறுத்தினாள். பத்தரை மணிக்குத் திரையில் எவர்சில்வர் வந்துவிட்டது. பின்னால் பிரிண்டிங் மிஷினுக்கு மை ஊற்றிக்கொண்டிருந்த கடைக்காரர், "தங்கச்சி, இதைத் தொட்டா விரல் ரேகை விழும்போல இருக்கே" என்றார். எவர்சில்வருக்கு அதைவிடப் பெரிய சர்டிபிகேட் கிடையாது. அவள் சிரிக்கவில்லை.

மத்தியானம் முதலாளியும் அவள் புருஷனும் வந்தார்கள். வாசல்படியைக் காலால் தேடித்தான் அவர் ஏறினார். இத்தனை நாள் அதை அவள் அசதி என்று நினைத்திருந்தாள். முதலாளிக்குப் போன் வந்தது. "ஒரு நிமிசம், நீங்க பாருங்க" என்று கைகாட்டிவிட்டுத் தெருப்பக்கம் திரும்பி நின்று யாரையோ திட்ட ஆரம்பித்தார்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

அவள் மவுஸைப் பிடித்தாள். அந்த நேரத்தில் அவள் செய்தது ஒரு பெண்டாட்டி செய்கிற காரியம் இல்லை. மேலிருந்து ஒவ்வொரு லேயராக, பக்கத்தில் இருந்த கண்ணை அழுத்திக்கொண்டே வந்தாள். ஜன்னல் போனது. கறுப்பு போனது. பிறை வெளிச்சம் போனது. நிழலும் போனது. கடைசியில் கருநீலத்தின் மேல் தட்டையாக ஒரு சாம்பல் வட்டம் மட்டும் நின்றது. பால்வாடிப் பிள்ளைகூட அதை உருண்டை என்று சொல்லாது.

"பாருங்க" என்றாள்.

அவர் கழுத்தை முன்னால் நீட்டினார். பின்னால் இழுத்தார். தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் பார்த்தார்.

"அடடே!" என்றார். "கண்ணு கூசுதே. நான் சொன்ன மாதிரியே வச்சிட்டியே. ஜன்னலு… இடது பக்கம்… அந்தக் கறுப்பும் சரியா நிக்குது. என்கிட்ட முதல் நாளே கேட்டிருந்தா மூணு நாள் ஆகியிருக்காதுல்ல?"

கடைக்காரர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். திரையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மிஷின் பக்கம் போய்விட்டார்.

முதலாளி போனை வைத்துவிட்டுத் திரும்பினார். அவள் விரல் தானாகவே ஓடியது. ஒவ்வொரு கண்ணாக அழுத்தினாள். முதலாளி வந்து குனிவதற்குள் உருண்டை வந்துவிட்டது.

"இதான்யா! பார்த்தியா, பாலீஷ்காரர் வந்தாத்தான் ஆகுது. பாஸா?"

"பாஸ் முதலாளி" என்றார் அவர், நெஞ்சை நிமிர்த்தி.

"நாளைக்குக் காலையில வந்து கையெழுத்துப் போடறேன், அதுக்கப்புறம் பிரிண்ட் போட்டிரும்மா."

முதலாளி வண்டியை எடுக்கப் போனார். அவள் புருஷனின் முழங்கையைப் பிடித்துக் கடைக்குப் பின்னால், கழிவு ஃப்ளெக்ஸ் சுருள்கள் கிடக்கிற தகரத் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"எத்தனை நாளா தெரியல?"

"எது?"

"அங்க ஜன்னலும் இல்ல, கறுப்பும் இல்ல. வெறும் வட்டம் வச்சேன். நீங்க கண்ணு கூசுதுன்னீங்க."

தகரத்திலிருந்து தண்ணீர் அவர் தோளில் விழுந்தது. அவர் நகரவில்லை.

"என்னைச் சோதிச்சியா?"

"ஆமா."

"பகையாளிகூட இப்படிச் செய்ய மாட்டான்."

"எத்தனை நாளாங்க?"

தோளில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "எட்டு மாசம் இருக்கும். டாக்டர்கிட்ட போனேன். தனியாத்தான் போனேன். கண்ணுக்குள்ள அழுத்தமாம். நரம்பு காய்ஞ்சிட்டு வருதாம். போனது போனதுதானாம். மருந்து விட்டா இருக்கறதைக் காப்பாத்தலாம்னாரு."

"மருந்து எங்க?"

"வீட்டுல வச்சா நீ பார்ப்பே. பட்டறையில பாலீஷ் கட்டிப் பெட்டிக்குள்ள வச்சிருந்தேன். ஆறு மாசம் முன்னாடி தீர்ந்து போச்சு. மறுபடி வாங்கப் போனா மருந்துக் கடைக்காரன் யாருக்குன்னு கேக்கறான். அவன் மச்சான் எங்க வெல்டரு."

"அதுக்காகவா கண்ணை விட்டீங்க?"

"கண்ணு இல்லன்னு தெரிஞ்சா அந்த வாசல்ல என்னை எவன் மதிப்பான்? உருண்டையைக் கொண்டுவந்து நீட்டி, அண்ணே பாஸான்னு கேக்கறான் பாரு, அது ஒண்ணுதான் எனக்கு இருக்கு. கை சொல்லிடும் எனக்கு. சூடு சொல்லும். சக்கரத்தோட சத்தம் சொல்லும்."

"கீறலைச் சொல்லுமா?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சுருட்டையை அடிச்சப்போ நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?"

"அவன் சின்ன வயசு. எங்க போனாலும் பொழைச்சுக்குவான். நான் எங்க போறது?"

"அந்தக் கீறல் அவன் போட்டதா, நீங்க போட்டதா?"

"தெரியாது" என்றார். அதுதான் அவர் அன்று சொன்னதிலேயே உண்மையான வார்த்தை. "சத்தியமாத் தெரியாது. பார்த்தாத்தானே தெரியும்."

முதலாளி தெருவில் ஹாரன் அடித்தார். அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "நீங்களே சொல்லிடுங்க. இன்னிக்கே. உங்க வாயால சொன்னா மரியாதை மிச்சமிருக்கும்."

"நீ சொல்லாம இருந்தாப் போதும்" என்றபடி சுவரைத் தொட்டுக்கொண்டே வெளியே போனார்.

அன்று அவர் சொல்லவில்லை. வீட்டில் பேச்சும் இல்லை. காலையில் அவளுக்கு முன்னாலேயே எழுந்து சட்டையைப் போட்டார். பித்தான் ஒரு துளை தள்ளிப் போயிருந்தது. அவள் அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிடப் போனாள். கையைத் தட்டிவிட்டார். அப்படியே போனார்.

ஒன்பதரை மணிக்கு முதலாளி கையெழுத்துப் போட வந்தார். பேனாவைத் திறந்தார். அவள் தாளைக் கொடுக்கவில்லை.

"முதலாளி, ஒண்ணு காட்டணும். முழுசாப் பார்த்துட்டு என்னை என்ன வேணா சொல்லுங்க."

ஒவ்வொரு கண்ணாக அழுத்தினாள். திரையில் சாம்பல் வட்டம் நின்றது.

"என்னம்மா, அழிஞ்சு போச்சா?"

"அழியல. நேத்து நீங்க போன் பேசிட்டிருந்தப்போ அவரு பார்த்தது இதைத்தான். இதைப் பார்த்துத்தான் ஜன்னல் நல்லா இருக்கு, கறுப்பு நல்லா இருக்குன்னாரு. நீங்க திரும்பறப்போ நான்தான் மாத்தினேன்."

முதலாளிக்கு முதலில் புரியவில்லை. பிறகு, பின்னால் நின்ற கடைக்காரரைப் பார்த்தார். கடைக்காரர் மெல்லத் தலையாட்டினார். முதலாளி முந்தின நாள் அவர் உட்கார்ந்த அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். பேனாவை மூடினார்.

"இதையா?" என்று மறுபடி கேட்டார். "இந்தத் தட்டையா?"

"ஆமாங்க."

"நான் அந்தப் பயலைக் கை நீட்டி அடிச்சேன்மா."

"தெரியும்."

"குடிகாரன்னேன். அவன் அன்னைக்கு வாயைத் திறந்து ஊதிக் காட்டினான். மோந்துகூடப் பார்க்கல நான்." எழுந்தார். "மூவாயிரம் சுத்துச் சக்கரத்துல கண்ணு தெரியாத ஆளை நிக்க வச்சிருக்கேன். என் தலையெழுத்து." வாசல்வரை போனவர் நின்றார். "நீ சொன்னேன்னு சொல்லவா வேண்டாமா?"

அவள் யோசித்தாள். "சொல்லுங்க. இல்லேன்னா வேற எவனோ காட்டிக்கொடுத்தான்னு இன்னொருத்தன் மேல சந்தேகப்படுவாரு. அந்தப் பாவமும் எதுக்கு?"

முதலாளி போனில் சரி என்று சொன்னபடி போர்டு பதினொரு மணிக்குப் பிரிண்ட் ஆனது. இருபதடித் தாளில் உருண்டை அங்குலம் அங்குலமாக வெளியே வந்தது. அவள் எழுந்துபோய்ப் பார்க்கவில்லை.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனபோது அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மழை விட்டிருந்தது. பட்டறையில் அணிகிற தோல் முன்கட்டு மடித்து மடியில் இருந்தது. முதலாளியே வண்டியில் கொண்டுவந்து விட்டாராம். இனி வாசலில் உட்கார்ந்து பெட்டி எண்ணலாம், ஆனால் சக்கரத்துப் பக்கம் வரக்கூடாது என்றாராம். அவர் வேண்டாம் என்றுவிட்டாராம்.

அடிப்பார் என்று நினைத்துத்தான் அவள் பக்கத்தில் போய் நின்றாள். அவர் அடிக்கவில்லை.

"வெல்டரு கேட்டான்" என்றார். "எல்லாரும் நிக்கறப்போ கேட்டான். அப்ப இத்தனை நாளு நாங்க நீட்டினதையெல்லாம் என்னத்தைப் பார்த்துப் பாஸ் பண்ணீங்கண்ணேன்னு. சிரிச்சிட்டே கேட்டான்."

அவர் முன்கட்டை மடியிலிருந்து எடுத்துக் கட்டிலில் வைத்தார்.

"சுருட்டை வீடு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"கூட்டிட்டுப் போ."

கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் அவர் தெருவில் அவளோடு சேர்ந்து நடந்ததில்லை. நாலடி முன்னால்தான் நடப்பார். இன்று வாசலில் நின்று கையை நீட்டினார். அவள் தோளைக் காட்டினாள். அவர் பிடித்துக்கொண்டார். பாலீஷ்காரருக்குக் கை இரும்பு. தோள் வலித்தது. பொறுத்துக்கொண்டு நடந்தாள். கடைத்தெருவில் ஆட்கள் பார்த்தார்கள். ஒருத்தன், "என்ன டிசைன்காரம்மா, ஜோடியா கிளம்பிட்டீங்க?" என்றான். அவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

சுருட்டை கிடங்கிலிருந்து சாப்பிட வந்திருந்தான். கதவைத் திறந்தவன் இவர்களைப் பார்த்ததும் உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. கையில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. உள்ளே யாரோ "யாரு?" என்று கேட்டதற்கும் பதில் சொல்லவில்லை. இரண்டு படி உயரத்தில், நிலைப்படியை அடைத்துக்கொண்டு நின்றான்.

அவர் கதவு திறந்த சத்தம் வந்த திசையைத் தேடிக் கொஞ்சம் வலப்பக்கமாகப் பார்த்துப் பேசினார். "தம்பி, எனக்குக் கண்ணு போயி எட்டு மாசம் ஆச்சு. கீறலை நான் பார்க்கல. பார்க்க முடியல. நீ அடிவாங்கினப்போ எனக்கு எல்லாம் கேட்டுச்சு. வாயைத் திறக்கல. முதலாளிக்கு இப்பத் தெரியும். உன்னை மறுபடி கூப்பிடுவாரு."

"கூப்பிட்டாரு" என்றான் சுருட்டை. "ஒரு மணி நேரம் முன்னாடி போன் பண்ணாரு. வர்றதில்லன்னு சொல்லிட்டேன்."

"ஏன்டா? உன் கைக்கு…"

"அந்தக் கன்னத்தோட அந்த வாசலுக்கு எப்படிப் போறது அண்ணே? மூட்டையே தேவலாம்."

அவர் கைகூப்பப் போனார், கூப்ப வேண்டுமென்றால் அவள் தோளை விட வேண்டும். விட்டார். தடுமாறினார். மறுபடி பிடித்துக்கொண்டார்.

"சொல்லிட்டீங்க, கேட்டுட்டேன்" என்றான் சுருட்டை. "போங்க."

அவள் திரும்பினாள். அவர் கால் படியின் விளிம்பைத் தேடிக் காற்றில் நின்றது. கதவை மூடப் போனவன் மூடாமல் நின்றான். அவரிடம் அவன் பேசவில்லை. அவளிடம்தான் சொன்னான்:

"ரெண்டு படி இருக்கு அண்ணி. ரெண்டாவது ஒடைஞ்சிருக்கும். சொல்லிக் கூட்டிட்டுப் போங்க."